ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு வெப்சைட் கடை

வெப்சைட் செய்து கொடுக்கிற தொழிலில் பெரிய தொல்லை, செய்த சாமானைத் தூக்கி வாடிக்கையாளர் கையில் கொடுக்க முடியாது. நாற்காலி செய்து கொடுத்தால் உட்கார்ந்து பார்ப்பார்கள். நாம் செய்ததைப் பார்க்க ஒரு கம்ப்யூட்டர், ஒரு போன் லைன், கரண்ட் மூன்றும் ஒரே நேரத்தில் வேண்டும். கடலூரில் அது அமைவதற்குள் ஒரு கல்யாணத்துக்கே ஜாதகம் பொருந்திவிடும். பின்னால் ஆள் நின்றுகொண்டு "அந்த எழுத்தக் கொஞ்சம் பெருசு பண்ணும்மா" என்று சொல்லச் சொல்ல, பல்லைக் கடித்துக்கொண்டு மௌஸை நகர்த்தியவர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

2004-இல் படிப்பை முடித்தேன். சென்னையில் வேலை கிடைத்தது. போகமாட்டேன், இங்கேயே சொந்தமாகச் செய்கிறேன் என்றேன். வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மாவின் தம்பி அந்தோணி மாமாவுக்குத் திருப்பாதிரிப்புலியூரில் ஜெராக்ஸ் கடை. பேப்பர் பண்டல் அடுக்கும் மாடி ரூமில் பாதியை எனக்கு ஒதுக்கினார். ஆசையோடு கொடுத்தார் என்று நினைக்காதீர்கள். சீக்கிரமே மூட்டையைக் கட்டிவிடுவேன் என்று நம்பிக் கொடுத்தார். சாவியை நீட்டும்போதே, "வெச்சுக்க பாப்பா, நீ சென்னைக்கு டிக்கெட் எடுக்குற வரைக்கும்" என்றார். எனக்கு வந்த கோபத்தில், என்ன ஆனாலும் அந்த ரூமைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன்.

நல்ல நேரத்தில் திறப்பு விழா

சிதம்பரத்தில் கோயிலுக்கு வருகிறவர்கள் தங்கும் ஒரு லாட்ஜ். முதலாளி சைட்டின் திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார். புதன்கிழமை காலை நல்ல நேரம். மானிட்டருக்கு மாலை, குறுக்கே சிவப்பு ரிப்பன், மௌஸுக்குக் குங்குமப் பொட்டு. ஐயர் மந்திரம் சொல்லி முடித்து, முதலாளி கத்தரிக்கோலை எடுத்தார். கரண்ட் போய்விட்டது.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆறுதல் சொல்லப் போனேன். "கவலப்படாதீங்க சார், சைட்ட நேத்து மூணரைக்கே நெட்டுல ஏத்திட்டேன். இங்கதான் தெரியல, மத்த ஊர்லல்லாம் தெரியும்." செவ்வாய்க்கிழமை மூணரை என்றதும் ஐயர் முகம் சுருங்கியது. சுத்தமான ராகு காலம். உடனே இறக்கு, நல்ல நேரம் பார்த்துத் திரும்ப ஏற்று என்று முதலாளி பிடிவாதமாக நின்றார். கரண்ட் இல்லாமல் எப்படி இறக்குவது என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே ரிசப்ஷனில் போன் அடித்தது. மதுரையிலிருந்து ஒரு குடும்பம். நேற்று சாயங்காலம் சைட்டில் பார்த்தார்களாம், ரெண்டு ரூம் வேண்டுமாம். முதலாளி ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைக் கேட்டார்:

"ஏம்மா, இவுங்க ராவு காலத்துல ஏறுன சைட்ட பாத்துட்டுக் கேக்குறாங்க. ரூம் குடுத்துடலாமா, இல்ல நல்ல நேரத்துல ஏத்துன பொறவு திருப்பிப் பாத்துட்டுக் கூப்புடச் சொல்லலாமா?"

சுளையின் நிறம்

அண்ணாகிராமம் பக்கத்தில் முந்திரியும் பலாவும் விளைவிக்கிற பலராமன், தன் சைட் முழுக்க பலாச்சுளை நிறத்தில் இருக்க வேண்டும் என்றார். மஞ்சள்தானே என்று நினைத்துவிட்டேன். காட்டிய மஞ்சளையெல்லாம் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஒன்று மாம்பழமாம், ஒன்று மஞ்சள் கிழங்காம், ஒன்று ஊர்ப் பள்ளிக்கூட பஸ்ஸாம்.

மறுநாள் ஒரு முழுப் பழத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். மாடியிலேயே அறுத்து, ஒரு சுளையை மானிட்டரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டார். நானும் விடுவதாக இல்லை. கொஞ்சம் சிவப்பைக் கூட்டு, கொஞ்சம் குறை என்று மத்தியானம் வரை மல்லுக்கு நின்றோம். சுளை எது, திரை எது என்று தெரியாத அளவுக்கு ஒரு நிறத்தைப் பிடித்துவிட்டேன். எனக்கே பெருமையாக இருந்தது. கை முழுக்கப் பால் பிசுக்கு. பலராமன் தள்ளி நின்று பார்த்தார், கிட்ட வந்து பார்த்தார், பிடித்திருந்த சுளையை வாயில் போட்டுக்கொண்டார்.

"கலரு ஒண்ணும் சொல்றதுக்கில்லம்மா. வாசனைதான் வரல."

கரண்ட் இல்லாத நேரத்துக்கு

பிறகு வந்த வருஷங்களில் கரண்ட் போவதற்கும் வருவதற்கும் கணக்கே இல்லாமல் போனது. பியூட்டி பார்லர் வைத்திருந்த ஒரு அக்காவுக்கு சைட் முடித்துக் கொடுத்தேன். மறுநாள் அவர் மாடிக்கு வரவில்லை, கீழே மாமாவிடம் நின்றுகொண்டிருந்தார். சைட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் கலரில் பிரிண்ட் எடுத்து, மாமா வரிசையாக லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தார். மாமா முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "டிக்கெட் எடுத்தாச்சா பாப்பா?" என்று வழக்கம்போல ஒரு கேள்வி வேறு. நான் அக்காவின் பக்கம் திரும்பினேன். அவர் பொறுமையாகச் சொன்னார்:

"கோச்சுக்காத கண்ணு. கரண்ட் இல்லாதப்ப யாராவது வெப்சைட் பாக்க வந்தா, எதக் காட்டுறது?"

வெள்ளிக்கிழமைப் படம்

பரங்கிப்பேட்டையில் அத்தர், தொப்பி, கைலி விற்கிற ஒரு பாய். மகன் சிங்கப்பூரில். மகன் அனுப்பிய கேமராவில் வாராவாரம் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கடை வாசலில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார். மறுநாள் கேமராவோடு கடலூர் வந்துவிடுவார். சைட்டின் முதல் பக்கத்தில் பழைய வாசலை எடுத்துவிட்டுப் புது வாசலைப் போட வேண்டும். எனக்கு இரண்டும் ஒரே வாசல்தான். சரக்குப் படம் போடுங்கள், விலை போடுங்கள் என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன்.

சைட்டின் அடியில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டுகிற கவுண்டர் ஒன்று ஓடியது. அது ஏறிக்கொண்டே போனது. எனக்குச் சந்தேகம் வந்து நோண்டிப் பார்த்தேன். கிட்டத்தட்ட எல்லாம் சிங்கப்பூரில் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து. மனசு கேட்காமல் பாயிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"தெரியும்மா. அவன் பாத்தா போதும். சரக்கு வாங்குறவன் கடைக்கு வருவான்."

புயலுக்குப் பிறகு

2011 கடைசியில் புயல் அடித்தது. கடலூரில் கரண்ட் கம்பமெல்லாம் சாய்ந்து கிடந்தது. போன் இல்லை. மாடி ரூமின் ஓட்டில் பாதியைக் காணோம். கம்ப்யூட்டர் மேல் கோரைப்பாயையும் போர்வையையும் போட்டு மூடிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். மாமா மேலே வந்து பார்த்தார். இந்தத் தடவை கிண்டல் இல்லை. "போதும் பாப்பா. நானே டிக்கெட் எடுத்துத் தரேன். போயிடு" என்றார். கிண்டலைத் தாங்கினேன், அவர் அப்படி மெதுவாகச் சொன்னதைத் தாங்க முடியவில்லை.

பாயின் மகன் ஞாபகம் அப்போதுதான் வந்தது. அவன் போன வார வாசலையே பார்த்துக்கொண்டிருப்பான். என் கேமராவில் கொஞ்சம் சார்ஜ் இருந்தது. பரங்கிப்பேட்டைக்குக் கிளம்பிவிட்டேன். பஸ் ஓடிய வரை பஸ், பிறகு விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடை. பாய் கடை வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். ஷட்டர் வளைந்திருந்தது, ஆள் நன்றாக இருந்தார். விளக்குமாறும் கையுமாகவே நிறுத்திப் படம் எடுத்தேன். அதற்குள் தெரு கூடிவிட்டது. வீட்டுக்கு ஒரு பிள்ளை வெளிநாட்டில் இருக்கிற ஊர். ஒவ்வொரு குடும்பமும் தன் வாசலில் வரிசையாக நின்றது. பேட்டரி சாகிற வரை எடுத்தேன். சிதம்பரத்தில் ஜெனரேட்டர் போட்டு ஓடிக்கொண்டிருந்த பிரௌசிங் சென்டருக்குப் போய், எல்லாப் படத்தையும் அந்த அத்தர் கடை சைட்டிலேயே ஏற்றினேன். கவுண்டர் மெதுவாக ஏறியது. பாயின் மகன் சொல்லிப் பரவியிருக்க வேண்டும், பிறகு துபாய், குவைத், மலேசியா என்று எங்கிருந்தெல்லாமோ ஏறியது. சிங்கப்பூரிலிருந்து ஒரு மெயில் வந்திருந்தது:

"அக்கா, வாப்பா கையில வெளக்கமாறு இருக்கு. அப்ப நல்லாத்தான் இருக்காங்க."

ஒரே ஒரு தார்ப்பாய்

திரும்பி வந்து மாமாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஜெராக்ஸ் மெஷினைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் வானம் திரும்பவும் கறுத்தது. ஊரில் தார்ப்பாய்க்கு அவ்வளவு கிராக்கி. எங்கேயோ அலைந்து ஒன்றே ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு மாடியேறி வந்தார். ஒரு பக்கம் அவருடைய பேப்பர் பண்டல், ஒரு பக்கம் என் கம்ப்யூட்டர். தார்ப்பாய் இரண்டுக்கும் எட்டாது. அவர் நேராக என் பக்கம் வந்து விரித்தார்.

"மாமா, பேப்பர் நனையுமே" என்றேன். அவர் முனையை இழுத்துக் கட்டிக்கொண்டே சொன்னார்:

"நனைஞ்சா காய வெச்சுக்கலாம். நீ மொதல்ல கீழ போ பாப்பா, நம்ம தெருக்காரரு ஒருத்தரு, துபாய்ல இருக்குற மவனுக்கு வீட்டுப் படம் காட்டணும்னு பொண்டாட்டியோட வந்து நிக்கிறாரு."

ஆக இந்தத் தொழிலில் கஸ்டமருக்குத் திருப்தி வராது, கரண்ட் நிலைக்காது, கூரைகூட நிக்காது, அதனால் நாம்தான் கொஞ்சம் நின்றாக வேண்டியிருக்கிறது.