மணலுக்குள் நின்றுவிடும் நுரை

இந்த நாட்டில் தட்டைக் கழுவினால் நுரையை அலசமாட்டார்கள். சவர்க்காரத் தண்ணீரில் தேய்த்து எடுத்து, நுரை வழிய வழிய அப்படியே சாய்த்து வைப்பார்கள். நெதர்லாந்துக்கு வந்த புதிதில் ஆய்வுகூடச் சமையலறையில் இதைக் கண்டு, ஆள் இல்லாத நேரமாய்ப் பார்த்து எல்லாத் தட்டையும் திரும்ப அலசி வைத்தேன். ஓடுகிற தண்ணீர் படாத தட்டில் எனக்குச் சோறு இறங்காது. கூட வேலை செய்யும் மார்லூஸ் ஒருநாள் கண்டுவிட்டாள். "நான் சரியாகக் கழுவவில்லையா?" என்று முகம் சிவந்தாள். இது எங்கள் பழக்கம் என்றேன். அவள் நம்பவில்லை. இன்றைக்கும் என்னைக் கண்டால் தட்டைத் தேய் தேய் என்று தேய்க்கிறாள், பாவம்.

நுரைதான் எனக்கு இங்கே பிழைப்பு. டீசல் ஊறிய நிலத்தைச் சுத்தமாக்க, கண்ணாடிக் குழாயில் மணலை நிரப்பி அதற்குள் நுரையை அனுப்பிப் பார்க்கிறோம். வெறும் தண்ணீர் பெரிய இடுக்குகளால் ஓடித் தப்பிவிடும். நுரையோ அந்த இடுக்குகளில் அடைத்துக்கொண்டு நிற்கும். பின்னால் வருவது வேறு போக்கில்லாமல் சின்ன இடுக்குகளுக்குள் நுழைந்து எண்ணெயைத் தள்ளும். ஆனால் மணல் முதலில் தன் பங்குச் சவர்க்காரத்தைக் குடித்து முடிக்க வேண்டும். அதுவரை குமிழிகள் உடைந்துகொண்டே இருக்கும். இலங்கையில் எங்கள் ஊரான சாய்ந்தமருதில் கிணற்றடியிலும் அப்படித்தான். உடுப்புக் கழுவி ஊற்றும் முதல் வாளி நுரையை மணல் ஒரே இழுவையில் இழுத்துவிடும்.

அந்தக் கிணறு என் வீட்டு வளவில் இருக்கிறது. எங்கள் பக்கம் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம் முடிப்பார்கள். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். வாப்பா கடலுக்குப் போய் உழைத்து எனக்குக் கட்டினார். தங்கச்சி றிஸ்னாவுக்கென்று பின்பக்கம் தொடங்கிய வீடு ஜன்னல் மட்டத்துக்கு எழும்பியபோது மௌத்தாகி அடக்கமாகிவிட்டார். உம்மாவும் அவளும் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

போன வாரம் உம்மா தொலைபேசியில் கோல் எடுத்தார்.

"தங்கச்சிக்கு நல்ல இடம் ஒண்டு பொருந்தி வந்திரிக்கி புள்ள. அவங்க ஊடு கேக்காங்க. நீ என்ன செல்றாய்?"

"யோசிச்சிச் செல்றன் உம்மா."

இங்கே என்னோடு இருக்கும் கணவரைக் கேட்டேன். "ஊடு உன்ட. நான் வந்து ஏறின மாப்புள்ள, என்னத்தக் கதைக்க?" என்று கழன்றுகொண்டார். மார்லூஸிடம் சொன்னேன். "அப்படியென்றால் அம்மாவும் தங்கையும் உன் வாடகைக்காரர்களா?" என்று கேட்டாள். விளக்கப்போய் எனக்கே கோபம் வந்துவிட்டது.

ஒரு வாரமாக இருப்புக்கொள்ளவில்லை. திரும்பிப் போய்க் குடியிருக்க மாட்டேன் என்று தெரியும். தெரிந்தும் அந்த வீடு எனக்கு வேண்டும். இன்று காலை குழாயில் நுரை அசையாமல் நின்றது. அழுத்தம் ஏறிக்கொண்டே போனது, நான் அதைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தேன். பிறகு சட்டென்று நகர்ந்தது. நகர்ந்தது கொஞ்சம்தான், மற்றக் குமிழிகள் எப்போதும்போல மணலுக்குள்ளேயே நின்றுவிட்டன. அவை அடைத்துக்கொண்டு நிற்பதால்தான் எண்ணெய் வெளியே வருகிறது. நான் ஊரைவிட்டு வெளியே வந்ததுகூட உம்மாவும் றிஸ்னாவும் அங்கே நின்றதால்தான்.

மதியம் சமையலறையில் தட்டைக் கழுவிக்கொண்டே கோல் எடுத்தேன்.

"ஊட்டத் தங்கச்சிட பேருக்கு எழுதுவம் உம்மா."

சந்தோஷத்தில் எனக்காகத் துஆச் செய்து வாழ்த்துவார் என்று நினைத்தேன். கேள்விதான் வந்தது.

"அப்ப நீ வந்தா எங்க புள்ள நிப்பாய்?"

"தங்கச்சிட ஊட்டுலதான்."

"ஓம்," என்றார். பிறகு, "அப்ப வாறதுக்கு முந்திச் செல்லிப்போட்டு வா. அறைய ஒதுக்கி வைக்கணும்" என்றார்.

கோலை வைத்த பிறகும் அங்கேயே நின்றேன். மார்லூஸ் உள்ளே வந்து தட்டு சாய்த்திருந்த இடத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இன்றைக்கு நீ அலசவில்லை" என்றாள்.

என் தட்டில் நுரை வழிந்துகொண்டிருந்தது. எடுத்து, பைப்பைத் திறந்தேன். தண்ணீர் ஓடியது. தட்டை அதற்குள் நீட்டாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.