டேங்கர் வரும் சத்தம்

ஒரு மனு வந்தால் முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். முடியாவிட்டால் இடைக்காலப் பதிலாவது அனுப்ப வேண்டும். இந்த விதியை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லியே தில்லியில் பணி ஓய்வு பெற்றவன் நான்.

ஓய்வுக்குப் பிறகு விசித்திரமான ஒரு வேலை வாய்த்தது. என் மனைவி வசந்தா ஓவியம் வரைவாள். அந்தப் படத்துக்குள் என்னவெல்லாம் கேட்கும் என்று யோசித்து, ஒலிகளைப் பதிந்து, கணினியில் கோத்து இசைபோல் அமைப்பேன். கோல் மார்க்கெட்டில் மழை பெய்யும் படத்துக்குத் தகர மூடியில் கடுகு கொட்டினேன். கேட்டவர்கள் தில்லி மழை என்றார்கள். எனக்குக் கேட்டதென்னவோ திருநெல்வேலி மழை.

அவள் வரைந்ததில் பெரியது மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதி. பாராபுல்லா சாக்கடையோரம், தண்ணீர் டேங்கரைச் சுற்றிக் குடங்களோடு தமிழ்ப் பெண்கள். மஞ்சள் குடத்தோடு நிற்பவள் எங்கள் வீட்டில் சமைத்த செல்வி. கேம்பை இடிக்கப்போகிறார்கள் என்ற பேச்சு அப்போதே இருந்தது.

"இதுக்குக் கடுகெல்லாம் கொட்டாதீங்க. இவங்க குரலே வேணும்" என்றாள் வசந்தா.

செல்வி சிரித்தாள். "போனைத் தூக்கிட்டு வாங்க சார். டேங்கர் வந்தா நாங்க போடற சண்டையில உங்க மிஷினே ஒடஞ்சிடும்."

நான் போகவில்லை. அரசு நிலத்தில் ஒலிப்பதிவு என்றால் அனுமதி வேண்டாமா? நிலத்துக்குரிய அலுவலகத்தில் மனு கொடுத்தேன். வாங்கிய இளைஞர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அங்கிள்ஜி, யே ஷோர் கீ ஷிகாயத் ஹை?"

சத்தத்தைப் பற்றிய புகாரா என்கிறார். புகாரில்லை, அந்தச் சத்தம் எனக்கு வேண்டும் என்று என் இந்தியில் விளக்கினேன். "அச்சா" என்று தலையாட்டிப் புகார்க் கட்டிலேயே வைத்தார்.

நினைவூட்டல் அனுப்பினேன். மேல்முறையீடும் செய்தேன்.

"ஒங்களுக்கு இன்னுமா சார் வரல? எங்களுக்கு நோட்டீசே வந்துடுச்சு" என்றாள் செல்வி, மாவு பிசைந்துகொண்டே. அவர்கள் விஷயத்தில் மட்டும் எல்லாம் ஜல்தி.

புல்டோசர் வந்தது. செல்விக்கு நரேலாவில் வீடு கிடைத்தது. அங்கிருந்து வந்துபோகப் பாதி நாள் ஆகும் என்று எங்கள் வேலையை விட்டாள். அவள் நாத்தனாருக்கு வீடே கிடைக்கவில்லை.

பித்தளைக் குடத்தில் குழாய்த் தண்ணீர் பிடித்துப் பதிந்து பார்த்தேன். வசந்தா கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினாள். "இது நம்ம வீடுங்க" என்றாள். தில்லியில் தமிழ் உரக்கக் கேட்ட இடம் அந்தக் கேம்ப்தான். அடுக்குமாடிகளில் இருக்கும் நாங்கள் மெல்லத்தான் பேசுவோம். கண்காட்சியில் அந்தப் படம் மட்டும் ஒலியில்லாமல் தொங்கியது.

பிறகு பதில் வந்தது. கேம்ப்வாசிகளின் சம்மதம் பெற்று, அவர்களுக்கு இடையூறின்றி ஒலிப்பதிவு செய்துகொள்ளலாம். வந்த தேதி, அங்கே அம்மனுக்குக் கூழ் காய்ச்சியிருக்கவேண்டிய ஆடி முதல் வெள்ளி.