ரோஸ்லின் கையெழுத்திட்ட கருவி

மேற்கு ஓக்லண்டில் துறைமுக லாரிகளின் புகையைச் சுவாசித்து வளர்ந்தவள் ரோஸ்லின் கில்யார்ட். அப்பா கப்பலில் சரக்கு இறக்கியவர். அமெரிக்காவின் தென்பகுதியில் கறுப்பர்களுக்கென்று இருந்த பல்கலைக்கழகத்தில் மின்னியல் படித்துவிட்டு, சிலிக்கான் பள்ளத்தாக்கில் வேலைக்குச் சேர்ந்தாள். புதிதில், கூட்ட அறைக்குள் நுழைந்தவளைப் பார்த்து ஒருவர், "காபி தீந்துபோச்சு, கொஞ்சம் பாக்கறியாம்மா?" என்றார். காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவருடைய வரைபடத்தில் இருந்த பிழையைச் சொன்னாள். அப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி, லூமெரா என்ற மருத்துவக் கருவி நிறுவனத்தில் தரப் பிரிவின் துணைத் தலைவரானாள். அதிகாரிகள் உட்காரும் அந்த மாடியில் அவளைத் தவிரக் கறுப்பு முகம் கிடையாது.

விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் கிளிப் ஒன்றை லூமெரா செய்தது. அவள் கையெழுத்துப் போட்டுத்தான் அது கடைக்கு வந்தது. முதலில் வந்ததில் ஒன்றை அண்ணன் டெர்வினுக்குக் கொடுத்தாள். அவனும் துறைமுகத்தில் உழைத்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவன். சர்ச்சில் எல்லோரிடமும் விரலை நீட்டிக் காட்டுவான். "எந்தங்கச்சி செஞ்சது!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து அவன் வீட்டில் சாப்பாடு. வான்கோழிக் கறி போட்ட கீரை அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. டெர்வின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"ரோஸ், ஒரு மாதிரியா இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

கிளிப்பை மாட்டிப் பார்த்தாள். தொண்ணூற்றாறு.

"நல்லாத்தான இருக்கு. சோள ரொட்டிய ஒரு கட்டு கட்டியிருப்ப. கொஞ்சம் உக்காரு."

"மேடம் சொன்னா சரி," என்று சிரித்தான். அவள் கீரையை இறக்கிவிட்டுத் திரும்பினால், தரையில் கிடந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பெத்யூன், இவளைப் போலவே கறுப்புப் பெண், நேராகச் சொன்னாள். "ரத்தம் எடுத்துப் பாத்தோம். எண்பதுகூட இல்ல. இந்தக் கிளிப் நம்ம தோல்ல கூட்டிக் காட்டுது. கம்பெனிக்குப் போன் பண்ணி அலுத்துட்டோம். நீங்க சரியா மாட்டலைன்னு ஒரே பதில்."

அந்தப் பதிலைச் சொல்லச் சொன்னவளே ரோஸ்லின்தான். சோதனைக்கு விரல் நீட்டியவர்கள் அநேகமாக வெள்ளைக்கார மாணவர்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். அன்றைக்கே கேட்க நினைத்தாள். மறுபடியும் நிறப் பேச்சா என்று முகம் சுளிப்பார்களே என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் நிறுவனத் தலைவர் பிரெட் ஸ்டான்டிஷின் அறைக்குப் போனாள்.

"விக்கறத நிறுத்துங்க, பிரெட். கறுப்புத் தோல்ல சோதிச்சுட்டு அப்புறம் விக்கலாம்."

"அண்ணன் படுத்துக் கெடக்கற நேரம். மனசு சரியில்லாம பேசறீங்க. லீவு எடுத்துக்கங்க."

"என் வேலைய எடுத்துக்கங்க. தப்பு என்னோடதுன்னு ஊருக்கே சொல்லுங்க. விக்கறத மட்டும் நிறுத்திருங்க."

"இத நீங்க சொந்த விஷயமா ஆக்கறீங்க, ரோஸ்லின்."

"என் தோலு எனக்குச் சொந்த விஷயம்தான்!"

அந்தக் கட்டடத்தில் அதுவரை அவள் குரலை உயர்த்தியதே இல்லை. சாயங்காலத்துக்குள் வேலை போனது. வாசல்வரை கூட்டிப்போக வந்த காவலாளி லானியும் கறுப்பர். லிஃப்டில் தலையைக் குனிந்துகொண்டே, "மன்னிச்சிருங்க மேடம், மேலிடத்து உத்தரவு," என்றார். பிறகு மெதுவாக, "எங்கம்மா அதத்தான் மாட்டிக்கிட்டு இருக்காங்க," என்றார்.

"தூக்கிப் போடுங்க. மூச்சு முட்டினா நம்பர் பாக்காம கூட்டிட்டு ஓடுங்க."

அரசாங்கத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். விசாரிக்கிறோம் என்றார்கள். கம்பெனி வக்கீல்கள், வாயைத் திறந்தால் கோர்ட்டுக்கு இழுப்போம் என்றார்கள். பழைய நண்பர்கள் போனை எடுக்கவில்லை. வேலை கேட்டுப் போன இடமெல்லாம் கதவடைத்தது. மயக்கம் தெளியாத டெர்வின் கடைசிவரை பேசவில்லை. "ஏன் ரோஸ் என்னக் கூட்டிட்டுப் போகல?" என்று ஒரு தடவையாவது திட்டிவிட மாட்டானா என்று கட்டிலருகே ஏங்கிக் கிடந்தாள். திட்டாமலே போய்விட்டான்.

கிளிப் இன்னும் விற்கிறது. ரோஸ்லின் இப்போது சர்ச் சர்ச்சாகப் போய், அதை நம்பாதீர்கள் என்று சொல்கிறாள். சிலர் தலையாட்டுகிறார்கள். மிஷின் பொய் சொல்லுமா என்று சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். போன வாரம், மூச்சிரைப்புள்ள மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு தாய் கேட்டாள்.

"சரிக்கா, இத வாங்கல. அப்ப எத வாங்கறது?"

ரோஸ்லின் அந்தக் குழந்தையின் விரலைப் பிடித்து, நகம் நீலம் பாரித்திருக்கிறதா என்று பார்த்தாள்.