எழிலக்கா அளந்த நடுச்சேம்பர்

எழிலக்கா எந்த எண்ணைச் சொன்னாலும் ஒரு வால் சேர்த்துத்தான் சொல்வாள். எங்கே வருகிறாய் என்று போனில் கேட்டால், "பத்து நிமிசத்துல வந்துருவேன், ரெண்டு முன்ன பின்ன." டீக்கு எத்தனை சர்க்கரை என்றாலும், "ஒரு ஸ்பூன், கொஞ்சம் முன்ன பின்ன." ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

குமராட்சிப் பக்கத்துக்காரி. சிதம்பரத்தில் நாங்கள் இருந்த இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் எனக்கு சீனியர். வாயு நிரப்பிய தட்டையான பெட்டிகளைச் சேம்பர் என்போம். வானத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஓயாமல் விழுகின்றன. ஒரு துகள் தன்னை எந்த இடத்தில் கடந்தது என்று சேம்பர் காட்டும். எவ்வளவு துல்லியமாகக் காட்டுகிறது என்று அளப்பதுதான் அக்காவின் வேலை. மூன்று சேம்பர்களை அடுக்கி, மேலும் கீழும் விழுந்த புள்ளிகளைக் கோட்டால் இணைப்பாள். நடுச்சேம்பரின் புள்ளி அந்தக் கோட்டை விட்டு எவ்வளவு விலகுகிறது என்று பார்ப்பாள்.

"வானத்துலேர்ந்து வர்றத புடிக்கிறியாமே, ரெண்ட புடிச்சி இங்க அனுப்பு, நடவுக்கு ஆள் இல்ல" என்பார் போனில் அவள் அப்பா கலியமூர்த்தி.

பிழை தொண்ணூறு மைக்ரானுக்குள், அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே, வந்தால் எங்கள் ஆய்வுத் திட்டம் இன்னொரு வருடம் நீளும். வராவிட்டால் அந்த மாதத்தோடு அவளுடைய உதவித்தொகை நிற்கும். மிச்சமிருந்தது ஒரே ஒரு வாயு சிலிண்டர். அதில் பாதி என் சேம்பருக்கு உரியது.

"குடு பவானி. திட்டம் நீண்டா புது சிலிண்டர் வரும்ல? ஒன் சேம்பர நானே அளந்து தரேன்."

கொடுத்தேன்.

எண்பது வந்தது. எங்கள் வழிகாட்டி ஞானசேகரன் சார் எல்லோருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து அக்கா கம்ப்யூட்டர் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கோடு போடும்போது நடுச்சேம்பரின் புள்ளியையும் சேர்த்துவிட்டிருந்தாள். அது கோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டதால் விலகல் குறைவாகத் தெரிந்திருக்கிறது. அதை நீக்கிச் சரியாகக் கணக்கிட்டால் தொண்ணூற்றெட்டு.

"யாருக்குக்கா தெரியப்போவுது?" என்றேன்.

"இத நம்பி நாளைக்கு ஒருத்தவுங்க சேம்பர் கட்டுவாங்கல்ல? அவுங்களுக்குத் தெரியும்டி."

சாரிடம் போய்ச் சொன்னாள். "ரிப்போர்ட் அனுப்பறதுக்கு முன்னாடி சொன்னியே" என்றார். திட்டத்துக்குப் பணம் தருகிறவர்களுக்கு எழுதிப் பார்த்தார், நேரிலும் போய்க் கேட்டார். திட்டம் நீளவில்லை.

என் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். கைக்கு வந்த எண்ணை நான் விட்டிருப்பேனா? தெரியவில்லை.

அக்கா இப்போது திருப்பாதிரிப்புலியூரில் ஒரு டியூஷன் சென்டரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள். போன வாரம் ஸ்டேஷன் வாசலில் பார்த்தேன்.

"ஒன் சேம்பர் ஞாபகம் இருக்குடி. பொங்கல் கழிச்சி வந்து அளந்து தரேன்."

வாலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. என் ரயில்தான் வந்தது.

ஆய்வுக்கூடத்தில் சிலிண்டர் காலி. பிளாஸ்டிக் உறை போட்ட என் சேம்பர் இன்னும் அளக்கப்படாமல் மேசைமேல் கிடக்கிறது.