எத்திராஜ் காலுக்கு எட்டிய பிரேக்

1. ஆளில்லாமல் வந்த வேன்

எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குள் ஒருநாள் காலையில் ஆளே இல்லாமல் ஒரு வேன் வந்தது. சரிவில் உருண்டு வந்த வண்டி இல்லை. செகண்ட் கியரில், ஹார்ன் அடித்துக்கொண்டு, கேட்டில் இடிக்காமல் வளைத்து, ஷெட்டுக்கு முன்னால் வந்து ஒழுங்காக நின்றது. டிரைவர் சீட்டுக்கு மேலே தலை எதுவும் தெரியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த இரண்டு கை மட்டும் தெரிந்தது.

எங்கள் முதலாளியை எல்லாரும் நைனா என்றுதான் கூப்பிடுவோம். தெலுங்குக்காரர். எழுபதுகளின் ஆரம்பத்தில் கும்மிடிப்பூண்டியில் கல்கத்தா ரோட்டோரம் ஷெட் போட்டு லாரி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். வெல்டிங், ஃபிட்டிங் இரண்டுக்கும் நான் மேஸ்திரி. நைனா டீ கிளாஸைப் பாதியில் நிறுத்தி, "சபாபதி, வண்டிக்குள்ள ஆள் கீதா பாரு" என்றார். தைரியசாலி என்று எனக்குப் பேர் கிடையாது. பெரிய ஸ்பேனர் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போனேன்.

கதவைத் திறந்துகொண்டு எத்திராஜ் இறங்கினான். நாலு அடிக்கும் குறைவான உயரம். சின்னப் பையன் என்று நினைத்துவிடாதீர்கள். முப்பது வயசு, முறுக்கு மீசை, கல்யாணம் ஆனவன்.

"இன்னா மேஸ்திரி, ஸ்பேனர என்கிட்டயா காட்ற? கிளச் வழுக்குது, அத்த பாரு."

எளாவூருக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். அங்கே மீன் பிடிக்கிற சில குடும்பங்கள் சேர்ந்து மிலிட்டரி ஏலத்தில் விட்ட பழைய வேன் ஒன்றை வாங்கியிருந்தார்கள். டிஸ்போசல் வண்டி என்போம். மீனையும் இறாலையும் ஐஸ் போட்டு மெட்ராசுக்குக் கொண்டுபோவார்கள். எத்திராஜ் அதில் கிளீனர். டிரைவர் வெளி ஆள். அன்று காலை செக்போஸ்ட் பக்கத்தில் நாஷ்டாவுக்கு நிறுத்திய டிரைவர், எத்திராஜோடு பேச்சு முற்றிப் போய், "நீயே ஓட்டிக்கினு போ" என்று சாவியை விட்டெறிந்துவிட்டு வேறொரு லாரியில் ஏறிக்கொண்டார். மீன் உள்ளே, வெயில் வெளியே. எத்திராஜ் அவர் சொன்னதை அப்படியே செய்துவிட்டான்.

சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. அதனால் வண்டித் தரையில் நின்றுகொண்டு, ஸ்டியரிங் வளையத்தின் நடுச் சந்து வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறான்.

"பிரேக் போடணும்னா?" என்றேன்.

"அதுமேல ஏறி நின்னுடுவேன்" என்றான். ஏதோ படியில் ஏறுவதைச் சொல்வதுபோல் சொன்னான்.

லைசென்ஸ் கிடையாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? நைனா தலையில் கை வைத்துக்கொண்டார். மீன் கூடைகளை வேறு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, எத்திராஜை உட்கார வைத்து நன்றாகத் திட்டினார். திட்டி முடிக்கும்வரை எத்திராஜ் டீ குடித்துக்கொண்டிருந்தான். பிறகு விஷயத்துக்கு வந்தான்.

"நைனா, வர்ற டிரைவர் ஒருத்தனும் நெலைக்கல. குப்பத்துல வண்டிய வித்துடலாம்னு பேசிக்கினு கீறாங்க. நான் லைசென்ஸ் வாங்கிக் காட்றேன், அதுவரைக்கும் வுட்டு வையுங்கன்னு கேட்டு கீறேன். வண்டி போச்சுன்னா நான் மறுபடியும் எவன் லாரியிலயாவது டயர் தட்டிக்கினு கெடக்கணும். எனக்கு வண்டி நல்லா வரும். கால்தான் எட்டல. நீங்க பாத்து எதுனா செஞ்சு குடுங்க."

நைனாவுக்கு ஒரு பலவீனம். செய்ய முடியுமா என்று யாராவது கேட்டால், முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. "இது ஒரு வேலையா? ரெண்டு நாள்ல பண்ணிடலாம்" என்றார். அவர் ரெண்டு நாள் என்றால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். எத்திராஜுக்குத் தெரியாது, பாவம்.

2. ஒன்றைத் தூக்கினால் இன்னொன்று போச்சு

இன்றைக்கு ஒரு லீவரை இழுத்து சீட்டை முன்னே பின்னே தள்ளுகிற தம்பிகள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நாங்கள் செய்தது, சீட்டை உயர்த்தியது. ஆங்கிள் அயர்னில் ஒரு சட்டம் அடித்து, அதன்மேல் சீட்டை வைத்தோம். எத்திராஜ் ஏறி உட்கார்ந்தான். ரோடு நன்றாகத் தெரிந்தது. கால் இரண்டும் அந்தரத்தில் தொங்கின.

"ஜோரா கீது நைனா. ராட்டினத்துல குந்துன மாதிரி. வண்டி ஓட்டத்தான் முடியாது."

சரி என்று மூன்று பெடலுக்கும் மேலே மரக்கட்டை வைத்து போல்ட் போட்டோம். இப்போது கால் எட்டியது. ஆனால் குதிகாலை ஊன்ற இடமில்லை. ஆக்சிலேட்டரைக் குதிகால் ஊன்றாமல் மிதித்துப் பாருங்கள், வண்டி விக்கல் எடுக்கும். எத்திராஜ் ஷெட்டைச் சுற்றி ஒரு ரவுண்டு அடித்தான். நைனா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்காகக் காலுக்கடியில் இரும்புத் தகட்டால் பொய்யாக இன்னொரு தரை போட்டோம். குதிகால் நின்றது, ஆனால் மரக்கட்டை எண்ணெய் பட்டு வழுக்கியது. கட்டைமேல் பழைய டயர் ரப்பரை வெட்டி ஒட்டினோம். வழுக்கல் நின்றது. அடுத்து, கிளச்சை முழுசாக மிதிக்கும்போது கட்டை பக்கவாட்டில் திருகியது. மரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு இரும்புக் குழாயும் தகடும் வைத்துச் செய்தோம். அப்புறம் முதுகு. முழு பலத்தோடு கிளச்சை மிதித்தால் உடம்பு பின்னால் போகிறது, சாய்மானம் எங்கேயோ இருக்கிறது. அதற்கு ஒரு தடி மெத்தை. கடைசியில் கியர் ராடைச் சூடுபண்ணி அவன் பக்கம் கொஞ்சம் வளைத்தோம்.

நாங்கள் டேப்பைப் பிடித்துக்கொண்டு அவன் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டிருந்தோம். "தொடை எத்தினி இஞ்ச்? முட்டி எத்தினி?" என்று நைனா கேட்க, நான் சொல்ல.

"இன்னா மேஸ்திரி, கோட்டு சூட்டா தைக்கப் போறீங்க?" என்றான் எத்திராஜ். "தையுங்க தையுங்க. இன்ஸ்பெக்டர பாக்கப் போறப்ப ஒதவும்."

ஒருவழியாக எல்லாம் பொருந்தியது. அவன் ஓட்டினான் பாருங்கள், சும்மா சொல்லக்கூடாது, நான் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கிவிட்டேன். அவ்வளவு நயமான கை. நைனாவுக்குப் பெருமை பொங்கியது. "எல்லாத்தையும் வெல்ட் வெச்சுடு சபாபதி. யானை இழுத்தாலும் வரக்கூடாது" என்றார். நானும் மனசார வைத்தேன். சீட்டுச் சட்டம், பொய்த் தரை, மூன்று பெடல், ஒன்றையும் விடவில்லை.

3. இன்ஸ்பெக்டர் உள்ளே போனார்

டிரைவருக்கு லைசென்ஸும், வண்டி ஓடத் தகுதி என்று எஃப்.சி.யும் கொடுக்க பிரேக் இன்ஸ்பெக்டர் வருகிற நாளில், ரோட்டை ஒட்டிய மைதானத்தில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். எங்கள் இன்ஸ்பெக்டருக்கு ஒரு வழக்கம். எந்த வண்டியானாலும் அவரே ஏறி, கொஞ்ச தூரம் வேகமாக ஓட்டி, சட்டென்று பிரேக் அடித்துப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் வண்டி பாஸ். வருஷா வருஷம் பார்க்கிற வழக்கம் இது. நைனாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், வரிசையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். இன்ஸ்பெக்டரின் உயரம் ஆறடிக்கு மேலே என்பதும் தெரியும். இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவர் வேனைச் சுற்றி வந்தார். டயரை உதைத்தார். "சாவி" என்றார். கொடுத்தோம். கதவைத் திறந்து, பழக்க தோஷத்தில் உள்ளே பார்க்காமலே ஏறினார்.

ஏறினார் என்பது சரியில்லை. நுழைந்தார். தலை கூரையில் இடித்தது, கழுத்தை மடக்கினார். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது, காலை அகட்டினார். ஒரு ஷூ பிரேக் பெடலுக்கும் பொய்த் தரைக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. அப்புறம் அவரால் முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை.

வரிசையில் இருந்த லாரி டிரைவர்கள் எல்லாம் ரொம்ப அக்கறையாக வேறு எங்கேயோ பார்த்தார்கள்.

"என்னய்யா வண்டி இது? இத மனுஷன் ஓட்ட முடியுமா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நைனா கதவுப் பக்கம் போய், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி..." என்று ஆரம்பித்து, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

எத்திராஜ்தான் போனான்.

"சார், அவசரப்படாதீங்க. ஸ்டியரிங்க புடிச்சு இழுக்காதீங்க, இன்னும் மாட்டிக்கும். மேல கம்பிய புடிங்க. ஷூவ வுட்டுட்டு கால மட்டும் எடுங்க. இப்ப இடுப்ப வெளிய திருப்புங்க. ஆங், அவ்ளோதான். கால் தானா வந்துடும்."

வந்துவிட்டது. ஒற்றை ஷூவோடு இன்ஸ்பெக்டர் தரையில் நின்றார். மூச்சு வாங்கியது.

"எப்படிய்யா இவ்வளவு கரெக்டா சொல்ற?"

"எனக்கு எல்லா வண்டியும் இப்டித்தான் சார். ஏற எறங்கப் பழகிடுச்சு."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். இன்ஸ்பெக்டர் ஷூவை மாட்டிக்கொண்டு அவன் காலையும் பெடலையும் பார்த்தார். ஆனால் மனசு இளகிவிட்டது என்று நினைக்காதீர்கள்.

"இங்க பாரு. நான் பிரேக் அடிச்சுப் பாக்காத வண்டிக்கு எஃப்.சி. குடுத்து, நாளைக்கு எங்கயாவது மோதினா செத்தவன் வீட்டுக்கு யார் பதில் சொல்றது? நானும் ஓட்டணும், நீயும் ஓட்டணும். அந்த மாதிரி கொண்டா. சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருப்பேன். இல்லன்னா மொத்தத்தையும் புடுங்கிட்டு ஒரிஜினலா கொண்டா."

ஒரிஜினலாக என்றால் எத்திராஜ் மறுபடி கிளீனர். குப்பத்தில் வண்டியை வாங்க ஆள் பார்த்தாகிவிட்டது என்று அன்று காலையில்தான் சொல்லியிருந்தான். அவன் முகத்தில் முதல் தடவையாகக் கிண்டல் இல்லை.

4. யானை இழுத்தாலும் வராத வெல்டிங்

ஷெட்டுக்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டும். யார் ஓட்டுவது? லைசென்ஸ் உள்ள எனக்கும் நைனாவுக்கும் முட்டி இடித்தது. முட்டி இடிக்காதவனுக்கு லைசென்ஸ் இல்லை. காலையில் அவன்தான் ஓட்டி வந்தான், ஆனால் இப்போது எதிரில் இன்ஸ்பெக்டர் நிற்கிறார்.

"தள்ளிட்டுப் போனா எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல" என்றார் அவர்.

எத்திராஜ் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்தான். நாங்கள் பின்னாலிருந்து தள்ளினோம். வரிசையில் இருந்த டிரைவர்கள் சிலரும் கை கொடுத்தார்கள். மேடு வந்தபோது, "நைனா, இன்னும் கொஞ்சம் அமுக்கித் தள்ளு" என்று முன்னாலிருந்து குரல் வந்தது. அந்த மனுஷனை அப்படி வேலை வாங்கிய ஒரே ஆள் எத்திராஜ்தான்.

ஷெட்டில் என் வெல்டிங்கை நானே உடைத்தேன். உளி வைத்து அடித்தால் வரவில்லை. ஹாக்சா பிளேடு இரண்டு உடைந்தது. "ஏண்டா இத்தினி கெட்டியா வெச்ச பேமானி" என்று நைனா கத்தினார். நல்லா வெல்ட் வைத்ததற்காகத் திட்டு வாங்கியது என் சர்வீசில் அந்த ஒரு நாள்தான். கடைசியில் கேஸ் கட்டர் வைத்து அறுத்தோம்.

பிறகு யோசித்துச் செய்தோம். பெடல்மேல் வைத்த இரும்புத் துண்டுகளுக்குப் பின்னால் கவ்விப் பிடிக்கிற கிளாம்ப். அதற்கு விங் நட், கையாலேயே திருகிக் கழற்றலாம். சீட்டுச் சட்டத்துக்கும் பொய்த் தரைக்கும் நாலு மூலையில் செருகுகிற இரும்புப் பின், இழுத்தால் வந்துவிடும். எல்லாவற்றையும் எத்திராஜே ஒருமுறை மாட்டி, ஒருமுறை கழற்றிப் பார்த்தான். நைனா ஒவ்வொரு நட்டையும் ஆட்டி ஆட்டிப் பார்த்தார்.

மறுபடி மைதானம். எல்லாவற்றையும் கழற்றிக் கீழே வைத்தோம். இன்ஸ்பெக்டர் இந்தத் தடவை முதலில் உள்ளே குனிந்து பார்த்து, அப்புறம்தான் ஏறினார். ஓட்டி, பிரேக் அடித்துவிட்டு, "பரவால்ல" என்று இறங்கினார். எத்திராஜ் ஏறி எல்லாவற்றையும் மாட்டினான். இன்ஸ்பெக்டர் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர்கள் கல்கத்தா ரோட்டில் ஏறிக் கண்ணுக்கு மறைந்தார்கள்.

நைனா பீடிமேல் பீடியாகக் குடித்தார். நான் ஒரே இடத்தில் நின்று காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது இன்ஸ்பெக்டரின் நெற்றியில் சின்னதாக ஒரு வீக்கம். லெவல் கிராசிங் பக்கத்தில் திடீரென்று "நிறுத்து" என்று சொன்னாராம். எத்திராஜ் நிறுத்திவிட்டான். அவர் நிற்கவில்லை, கண்ணாடியில் போய் முட்டிக்கொண்டார்.

"பிரேக் நல்லாத்தான் இருக்கு" என்றார் நெற்றியைத் தடவிக்கொண்டே. "ஓட்டறான்யா. பாஸ்."

எத்திராஜ் சீட்டிலிருந்து இறங்கி, உள்ளே குனிந்து, விங் நட்டை ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்ற ஆரம்பித்தான்.

"என்ன பண்ற?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கழட்டி வெச்சுடறேன் சார். பழையபடி."

"யாருக்கு?"

எத்திராஜ் அடுத்த நட்டுக்குப் போனான். எதை எடுத்துப் பயன்படுத்தினாலும், அடுத்தவன் அளவுக்குத் திருப்பி வைத்துவிட்டுப் போய்ப் பழகிய கை அது.

"ஓட்டப்போறது நீ. அது பாட்டுக்கு இருக்கட்டும். வேற எவனாவது ஓட்டணும்னா அவன் கழட்டிக்கட்டும்."

காலையிலிருந்து வாய் மூடாத ஆள், கையில் விங் நட்டை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். கண்ணில் தண்ணீர். எனக்கும் அழுகை வந்துவிட்டது. நைனாவுக்கும் வந்தது, ஆனால் பீடிப் புகை என்றார். எத்திராஜ் நட்டுகளைத் திரும்ப முடுக்கி, வண்டியை ஸ்டார்ட் பண்ணினான். குப்பத்தில் வேனை விற்கவில்லை. நான் அந்த ஷெட்டில் இருந்தவரை அதை ஓட்டியவன் அவன்தான்.

தொழிலுக்குப் புதுசாக வருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வண்டி வந்ததும் பானெட்டைத் திறக்காதீர்கள். டிரைவரை ஏறி உட்காரச் சொல்லி, எங்கே இடிக்கிறது என்று கேளுங்கள். அன்றிலிருந்து நான் அப்படித்தான் கேட்டுவந்தேன். குள்ளமானவர், நெட்டையானவர், தொப்பை உள்ளவர், எல்லாரிடமும் கேட்டேன். எங்கேயும் இடிக்கவில்லை என்று இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை.