பியூஸ் கட்டையும் இடுப்புப் பிள்ளையும்

எலக்ட்ரீஷியனைக் கட்டிக்கொண்டவளுக்கு வீட்டில் கரண்டுக் கவலை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் என் கணவருக்கு எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் வேலை. அங்கே ஒரு மோட்டார் மூச்சை விட்டால் சோற்றில் கை வைத்தவர் அப்படியே எழுந்து ஓடுவாராம். வீட்டில் பியூஸ் போனால் மட்டும் பாயைவிட்டு அசையாமல் ‘பாக்கலாம்’ என்பார். அந்தப் ‘பாக்கலாம்’ விடிந்து பொழுது சாயும்வரை நீளும்.

பாப்பா பிறக்கும்வரை நானும் பொறுத்துக்கொண்டேன். பேப்பரை மடித்து விசிறிக்கொண்டு திட்டிக்கொண்டே இருந்தால் நேரம் போய்விடும். பாப்பாவுக்கு வீசிங் வந்த பிறகு அந்தப் பொறுமையெல்லாம் போன இடம் தெரியவில்லை. காயப்போட்ட துணியில் கரி படிகிற ஊர் அது. பிள்ளையின் நெஞ்சில் மட்டும் படியாதா? இழுப்பு வந்தால் விலாவெல்லாம் உள்ளே போகும், மூக்கு விடைத்துக்கொள்ளும், பால் குடிக்க மாட்டாள். கடை வீதியில் இருந்த டாக்டர், மருந்தை ஆவியாக்கி மூக்கில் வைக்கிற மெஷினை வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். மெஷின் இருந்தால் பிள்ளை சீக்கிரம் அடங்கித் தூங்கும். மெஷினுக்குக் கரண்டு வேண்டும். கரண்டுக்கு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அந்தப் பாழாய்ப்போன பியூஸ் கட்டை வேண்டும்.

மாடியில் குடியிருந்த ஹவுஸ் ஓனரம்மாவின் தண்ணீர் மோட்டாரும் எங்கள் வீட்டு லைனும் ஒரே பியூஸில் இருந்தன. யார் அப்படி இழுத்தார்களோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும். பகலில் வோல்டேஜ் இறங்கிக் கிடக்கும். அந்த அம்மா மோட்டாரைப் போடுவார். அது முக்கும், முனகும், பியூஸ் போகும். பழி என்னவோ என் தலையில்தான். அந்த மெஷின் வந்ததிலிருந்துதான் இந்தப் பேஜாரு என்று வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். அது ஒரு பல்புக்கு மேல் கரண்டு இழுக்காது என்று சொன்னேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. மோட்டாருக்குத் தனி லைன் இழுத்துவிடலாம் என்று என் கணவர் கேட்டார், என் சுவரில் எவனும் ஆணி அடிக்கக் கூடாது என்று பதில் வந்தது. ஒருநாள் வாய் முற்றி, பேச்சே நின்றுபோனது. எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கெட்டை டங்கென்று வைப்பார். நானும் சளைத்தவள் இல்லை, கதவை டங்கென்று சாத்துவேன்.

லைன்மேனுக்குச் சொன்னால் ‘தோ வந்துட்டேன்’ என்பார், வரமாட்டார். சரி, நானே கற்றுக்கொள்கிறேன், சொல்லிக்கொடுங்கள் என்று கணவரிடம் கேட்டேன். கேட்டதும் முகம் கறுத்துவிட்டது.

“நீ அதுல கை வெக்காத. உனுக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா பாப்பாவ யாரு பாத்துக்கறது?”

“ஒண்ணும் தெரியாம நான் பாத்துக்கினே நின்னா, அப்ப மட்டும் பாப்பாவ யாரு பாத்துக்கறது?”

சட்டையை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்குப் போய்விட்டார். மறுநாள் திரும்பி வரும்போது பையில் ஓர் உடைந்த பீங்கான் பியூஸ் கட்டையும் கொஞ்சம் வயரும் இருந்தன.

அந்த மனிதரிடம் ஒரு வேலையைக் கற்றுக்கொள்வதைப் போன்ற வயிற்றெரிச்சல் வேறு கிடையாது. நான் வயரைச் சுற்றி ஸ்குரூவை முறுக்கிக் கொடுப்பேன். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த ஆபீசர் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ‘லூசு’ என்று திருப்பிக் கொடுப்பார். அதிகமாக முறுக்கினால் வயர் அறுந்துவிட்டது என்பார். ஒற்றை இழைதான் போட வேண்டும், அறுந்து அறுந்து போகிறதே என்று தடியான கம்பியைச் சுற்றினால் சுவருக்குள் இருக்கிற வயரே எரிந்துவிடும் என்று கம்பெனிப் பாடமெல்லாம் எடுத்தார். அடுப்பில் குழம்பு தீய்கிற வாசனை வரும், தொட்டிலில் பிள்ளை சிணுங்கும், இவர் ‘மறுபடி சுத்து’ என்பார். இவ்வளவு பேசுகிற நேரத்தில் ஊர் முழுக்க பியூஸ் போட்டுவிட்டு வந்திருக்கலாமே என்று கேட்டால் மட்டும் காது கேட்காது.

கடைசியில் சட்டம் சொன்னார். காலில் ரப்பர் செருப்பு. கையில் ஈரம் கூடாது. முதலில் மெயின் சுவிட்சை இறக்கு. இறக்கியிருந்தாலும் நம்பாதே, ஒரு கையால் மட்டும் கட்டையைப் பிடுங்கு, இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். இரண்டு கையும் பட்டால் கரண்டு நெஞ்சு வழியாகப் போகுமாம். முக்கியமாக, பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவே கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

அந்தச் சட்டத்தை எழுதியவர் எவரோ, நிச்சயமாகப் பிள்ளை வளர்த்தவர் இல்லை.

அது ஒரு மத்தியான நேரம். கணவர் ஷிப்டில் இருந்தார். பாப்பாவுக்குக் காலையிலிருந்து இழுப்பு. மெஷினில் மருந்தை ஊற்றி மூக்கில் வைத்த கொஞ்ச நேரத்தில் மாடியில் மோட்டார் முனகியது, மெஷின் நின்றது. எனக்கு வேலை தெரியும், வயர் இருக்கிறது, செருப்பு இருக்கிறது. பிள்ளையை எங்கே வைப்பது? கீழே விட்டேன், தவழ்ந்து வந்து காலைக் கட்டிக்கொண்டாள். தொட்டிலில் போட்டேன், எழுந்து நின்று விளிம்பைப் பிடித்துக்கொண்டு வீறிட்டாள். அழ அழ இழுப்பு கூடிக்கொண்டே போனது. பக்கத்துப் போர்ஷன்காரர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள், பூட்டு தொங்கியது. பியூஸ் கட்டைக்கு முன்னால் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு பாடம் எடுத்த மனிதர் இதற்கு ஒரு வழி சொன்னாரா?

படியில் செருப்புச் சத்தம். ஓனரம்மா இறங்கி வந்துகொண்டிருந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மெஷினைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். நான் கேட்கவில்லை.

“அக்கா, இவளப் புடிங்க” என்று பிள்ளையை அவர் கையில் திணித்தேன். “மோட்டார் சுவிட்ச ஆப் பண்ணிட்டு வாங்க.”

யோசிக்க நேரம் இருந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டார். கையில் வந்துவிட்ட பிள்ளையைக் கீழே போட முடியாதே. பிள்ளையோடு மாடிக்குப் போனார். நான் மெயினை இறக்கி, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கட்டையைப் பிடுங்கினேன். இழையைச் சுற்றினேன், முறுக்கினேன், ‘லூசு’ என்ற குரல் காதுக்குள் கேட்டது, இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். மாட்டிவிட்டு மெயினைத் தூக்கினேன். வீட்டுக்குள் மெஷின் உர்ரென்று ஓடியது.

திரும்பினால் ஓனரம்மா என் வாசலில் நிற்கிறார். முகம் வேறாகிவிட்டிருந்தது. ஒரு கை பாப்பாவின் முதுகில் இருந்தது.

“இன்னாம்மா இது, முதுவுல கை வெச்சா உள்ள கரகரன்னுது.”

“அதுக்குத்தான்கா அந்த மெஷினு.”

பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து, மருந்து தீரும்வரை அவரே மூக்கில் பிடித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு மோட்டார் போடும் முன் மாடியிலிருந்து குரல் வரும், மெஷின் ஓடுகிறதா என்று. சில சமயம் கேட்க மறந்துவிடுவார், பியூஸ் போகும். ஓடிவந்து இரண்டு கையையும் நீட்டுவார். நான் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் படிக்குக் கீழே போவேன்.

இதோடு முடிந்திருந்தால் எனக்கு ஆத்திரமே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எலக்ட்ரீஷியன் வீட்டில் இருக்கும்போதே பியூஸ் போனது. பாப்பா அவர் மடியில் இழுத்துக்கொண்டிருந்தாள். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “நான் பாப்பாவ வெச்சுக்கினு இருக்கேன், நீ போய் போட்டுட்டு வா.”

கற்றுக்கொண்டது என் தலையிலேயே விடிந்துவிட்டது. சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், பிள்ளைக்கு முதலில் மூச்சு வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். போட்டுவிட்டு வந்தால், ஓனரம்மா அதற்குள் இறங்கி வந்து நடந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கிறார். மருந்து தீர்ந்து பாப்பா கண் செருகும்வரை பொறுத்திருந்தார். பிறகு என் கணவரின் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டார்.

“எழுந்து போய் என் மோட்டாருக்குத் தனி லைனு இழுப்பா. செவுத்துல எங்க வோணா ஆணி அடிச்சுக்கோ. வேல தெரிஞ்ச ஆம்பள ஊட்ல குந்திக்கினு, பொம்பள போய் பியூஸ் போடுறதா?”

என் கணவர் எழுந்தார். என் வீட்டில் ஓர் எலக்ட்ரீஷியன் வேலை செய்து அன்றைக்குத்தான் பார்த்தேன். ஸ்டூல்மேல் ஏறி வயரைப் பிடித்துக்கொண்டு, கீழே இருக்கிற கட்டிங் பிளேயரை எடுத்துத் தரச் சொன்னார்.

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். ஓனரம்மாவின் தோளில் பாப்பா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள், நெஞ்சு மெதுவாக ஏறி இறங்கியது.

“பாக்கலாம்” என்றேன்.