குற்றாலத்தில் தின்றது

ஊசி குத்துவது எனக்குப் புதிதல்ல. தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் நான். இன்று குத்தினால் நாளை மறந்துபோகும். அந்த ஆனி மாதம் ஆள்காட்டி விரலில் பட்ட குத்து மட்டும் மூன்று வாரமாகியும் ஆறவில்லை. கூடவே ஒரு தாகம், செம்பு செம்பாகக் குடித்தாலும் அடங்காத தாகம். அப்போது எனக்கு வயது முப்பத்தெட்டு.

டாக்டர் எட்டுச் சொட்டுச் சிறுநீரை நீல மருந்தோடு கண்ணாடிக் குழாயில் விட்டுக் காய்ச்சினார். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று போகப் போகச் சர்க்கரை கூடுதல். அந்நாளில் எங்களுக்கு வாய்த்த சோதனை அது. என் குழாய் பச்சையாயிற்று. ரத்தச் சர்க்கரையும் (தின்ற உணவு மாறி ரத்தத்தில் கலக்கும் இனிப்பு) ஏறியிருந்தது. நீரிழிவு என்று சொல்லும் அளவுக்கு மட்டும் ஏறவில்லை.

“சீக்கு இன்னும் வாசல்லதான் நிக்குது டீச்சர். உள்ள விடுததும் விடாததும் பாதி உங்க கையில” என்றார். இனிப்பை விட்டு, சோற்றைக் குறைத்து, தினமும் நடக்கச் சொன்னார்.

அன்றே அக்காவைத் தேடி ஓடினேன். ஆலங்குளத்தில் இருக்கும் என் அக்காவுக்கு இதே வியாதி முற்றித்தான் இரண்டு கண்ணும் போனது. விஷயத்தைக் கேட்டதும் அவள் என் முகத்தைத் தடவினாள். “ஏட்டி, எனக்குத்தான் போயிட்டு. உன் கண்ணையாவது காப்பாத்து” என்றாள். ஊசியில் நூல் கோக்க முடியாத தையல் டீச்சரை யார் வைத்துக்கொள்வார்கள்?

மறுநாளே நடக்கத் தொடங்கினோம். கூட என் வீட்டுக்காரர், ஜவுளிக்கடை வைத்திருப்பவர். விடியும்போது புறப்பட்டால் சாரலில் நனைந்தபடி மூன்று மைலில் குற்றாலம். சும்மா நடந்துவிட்டுத் திரும்ப முடியுமா? அருவியில் ஒரு குளியல். குளித்து வந்தால் பசி என்றால் அப்படி ஒரு பசி! கரையில் எண்ணெய்ச் சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த பழம்பொரி, நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்தது. எனக்கு நாலு, அவருக்கு நாலு. பிறகு பஸ்ஸில் வீடு.

வீட்டில் நான் மகா விரதக்காரி. கால் வயிற்றுச் சோறு, சீனியில்லாக் காப்பி. இரண்டு மாதம் கழித்துக் குழாயைக் காய்ச்சினால் மஞ்சள்! அழுதுவிட்டேன்.

என்ன சாப்பிடுகிறேன் என்று டாக்டர் கேட்டார். ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அவர் விடவில்லை. “அருவியில குளிச்சா பசிக்குமே, அப்ப என்ன திங்கிய?”

கூட வந்திருந்த வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்: “அது குத்தாலத்துல தின்னதுல்லா டாக்டர்.”

இதில் பொய் இல்லை, நம்புங்கள். குற்றாலத்தில் தின்பது உடம்பில் ஒட்டாது, அருவி அடித்துக்கொண்டு போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நினைப்பு. அதைச் சாப்பாடாகவே நான் நினைக்கவில்லை.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். “தென்காசி எது, குத்தாலம் எதுன்னு ரத்தத்துக்குத் தெரியாது டீச்சர்.” எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் நீர் காயுமுன்னே.

அன்றிலிருந்து தூக்குச்சட்டியில் அவித்த பாசிப்பயறு எங்களோடு வந்தது. பஸ்ஸை விட்டோம், திரும்பும்போதும் நடை. பழம்பொரிக் கடையைத் தாண்டும் பத்தடிதான் பெரும்பாடு. வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். பார்த்தவர்கள் புதுமணத் தம்பதி என்று கேலி செய்தார்கள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

பங்குனியில் அருவி வற்றியது. நாங்கள் நிறுத்தவில்லை. தண்ணீர் இல்லாத அருவிக்குத் தினமும் எதற்குப் போகிறீர்கள் என்று வழியில் ஒருவர் கேட்டார். பாறை பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் என்றார் வீட்டுக்காரர். அந்த மாதம் டாக்டர் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நீலம்.

இதே பயத்தோடு இருக்கும் உங்களுக்குச் சொல்கிறேன்: நோய் வாசலை விட்டுப் போய்விட்டது என்று டாக்டர் இன்றும் சொல்லவில்லை. சோதனையை நான் விடவும் இல்லை. முன்பெல்லாம் பசி கூப்பிட்டால் ஓடுவேன். இப்போது அதுவும் கூடவே நடந்து வரட்டும் என்று விட்டுவிடுகிறேன். என் நாள் இப்போது ஆறு மைல் நீளம்.

அடுத்த ஆனியில் சாரல் விழுந்ததும் அக்காவைக் கூட்டி வந்தேன். கைகோத்து அருவிக்குள் நின்றோம். தண்ணீர் இரைச்சலில் என் காதருகே வந்து, “கடைசியாக் குழாயில பாத்தது என்ன கலருட்டி?” என்று கேட்டாள்.

“நீலம், அக்கா.”

“நீலம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு” என்றாள். என் கையை விடாமல் இன்னும் உள்ளே, தண்ணீர் பலமாக விழும் இடத்துக்கு இழுத்துப் போனாள்.